மூடிய புகைபோக்கி

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகிற நம் ஆட்கள் கூரையைப் பார்ப்பதில்லை, குழாயைப் பார்ப்பதில்லை. சட்டைப்பையில் திசைகாட்டியைப் போட்டுக்கொண்டு போய் ஈசானிய மூலையைப் பார்ப்பார்கள். வீடு காட்டுகிற ஏஜென்ட் பெண்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "வடகிழக்கு அந்தப் பக்கம்" என்று அவர்களே கையைக் காட்டிவிடுவார்கள்.

வெஸ்ட் வின்ட்சரில் நஞ்சப்பன் பார்த்த வீட்டில் எல்லாம் அமைந்திருந்தது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்கு நடந்தே போய் நியூயார்க் ரயிலைப் பிடிக்கலாம். மகள் தென்றலுக்கு நல்ல பள்ளிக்கூடம். கொல்லையில் அவரை, புடலை போட இடம். ஒரே ஒரு குறை, சாமி இருக்கவேண்டிய ஈசானிய மூலையில் குளிர்காய விறகு எரிக்கிற செங்கல் ஃபயர்பிளேஸ் இருந்தது. ஈசானியத்தில் நெருப்பு ஆகவே ஆகாது. கேட்டவர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

நஞ்சப்பன் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு மன்ஹாட்டனில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நல்லவன், கெட்டிக்காரன். ஒரு வேலைக்கு ஆள் கூப்பிடுவது மட்டும் அவனுக்குப் பிடிக்காது. கார் பிரேக்கிலிருந்து பெண்டாட்டி கலாவதியின் தையல் மெஷின்வரை அவன் கைதான்.

"நெருப்பே வெக்காட்டி அது ஃபயர்பிளேஸே இல்ல. வெறும் மாடம்" என்றான். "கழுவி, வெள்ளையடிச்சு, சாமிய அதுக்குள்ளயே வெச்சுட்டா ஈசானியமும் ஆச்சு, பூஜை ரூமும் ஆச்சு."

அப்படியே செய்தான். கிரானைட் பலகை போட்டு, பழநி முருகன் படத்தையும் குலதெய்வம் அங்காளம்மனையும் வைத்து, மேலே ஒரு சின்ன விளக்கு. வந்தவர்கள் எல்லாம் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். எடிசனிலிருந்து வந்த நாகலக்ஷ்மி ஆன்ட்டி, "ஏண்டா நஞ்சப்பா, இந்த மூளைய கொண்டுபோய் பேங்க்ல வேஸ்ட் பண்றியே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

முதல் மழையில் முருகன் தலையில் கரித்தண்ணீர் ஒழுகியது. மேலே புகைபோக்கிக்குள் இருந்த இரும்பு மூடி துருப்பிடித்து எப்போதோ உடைந்துபோயிருந்தது. கலாவதி ஈரத்துணியால் படத்தைத் துடைத்துவிட்டு மாடத்துக்குள் தலையை விட்டு மேலே பார்த்தாள்.

"ஏனுங், சாமி தலைக்கு மேல வானம் தெரியுதுங். நல்லாவா இருக்குது?"

"அடைச்சுட்டாப் போச்சு."

"வீடு வாங்கறப்ப இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவரு சொன்னாருங்களே, பொகைபோக்கி சுத்தம் பண்ற சர்டிஃபைடு சிம்னி ஸ்வீப் ஒருத்தரக் கூப்பிட்டுக் காட்டுங்கன்னு..."

"அது நெருப்பு வெக்கறவனுக்குச் சொன்னது புள்ள. நாம எங்க வெக்கறோம்?"

சந்தானத்திடம் ஏணி இருந்தது. சந்தானம் பக்கத்துத் தெருவில் இருக்கிற மெட்ராஸ்காரன். டிரில்லும் ரம்பமும் வாங்கிச் சேர்ப்பதில் பிரியமுள்ளவன், ஆகவே எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கெல்லாம் அவன்தான் கொத்தனார், ஆசாரி, எலெக்ட்ரீஷியன். ஆகஸ்ட் வெயிலில் ஏணியைச் சாத்தி நஞ்சப்பன் கூரைமேல் ஏறினான். புகைபோக்கியின் உச்சியில் பக்கம் பக்கமாக இரண்டு துளைகள் இருந்தன.

"சந்தானம், ரெண்டு ஓட்டை இருக்குது!"

"ரெண்டையும் மூடிடுங்க சார். ஒண்ண விட்டா அதுல தண்ணி எறங்கும்."

ஒன்று ஃபயர்பிளேஸுக்கு. மற்றது எதற்கு என்று இருவரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். பேஸ்மென்ட்டில், பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், வீட்டுக்குச் சூடு தருகிற ஃபர்னஸ் நின்றது. அதன் தகரக் குழாய் சுவருக்குள் நுழைந்து, அதே செங்கல் தூணுக்குள்ளேயே ஏறி, அந்த இரண்டாவது துளை வழியாகத்தான் மூச்சுவிட்டது. வெயில் காலத்தில் அதற்கு வேலையில்லை. நஞ்சப்பன் பிளைவுட்டை வைத்து, தார்ப்பாயைச் சுற்றி, கம்பி கட்டி, நான்கு புறமும் செங்கல்லை ஏற்றிவிட்டு இறங்கினான். கலாவதி சந்தோஷமாக ஒப்புட்டு சுட்டு இருவருக்கும் நெய் ஊற்றிப் போட்டாள்.

அக்டோபர் கடைசியில் ஃபர்னஸ் ஓட ஆரம்பித்தது. கலாவதிக்கு அப்போது நாள் தள்ளி இரண்டாம் மாதம் நடந்தது. தென்றல் பிறந்து ஆறு வருடம் கழித்து, கோயில் கோயிலாக வேண்டி, இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்த கர்ப்பம். அவள் காலையில் எழும்போதே தலை இடித்தது. வாந்தி வந்தது. அரிசிபருப்புச் சோறு தாளிக்கிற வாசம் பட்டாலே குடலைப் பிரட்டியது.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மசக்கை. நாகலக்ஷ்மி ஆன்ட்டி நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்து, "எனக்கு மாளவிகா வயித்துல இருக்கறச்சே ஏழு மாசம் வரைக்கும் இப்படித்தான், எழுந்திருக்கவே விடலை" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றார். மூன்று மாதம் தாண்டினால் போய்விடும் என்றார்கள். மூன்று தாண்டி நான்காயிற்று, போகவில்லை. குளிர் ஏற ஏறத் தலைவலியும் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடிசனில் இந்தியக் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போனார்கள். காரில் ஏறியதும் கலாவதி கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தைக் காற்றில் காட்டினாள். எடிசன் போய்ச் சேருவதற்குள் முகம் தெளிந்துவிட்டது. ஒரு ஓட்டலில் உட்கார்ந்து மசால் தோசையை மிச்சம் வைக்காமல் தின்றாள். முருங்கைக்காய் பொறுக்கினாள், கடைக்காரனிடம் கறிவேப்பிலைக்குச் சண்டை போட்டாள்.

"பாத்தியா, கடைன்னா தலைவலியெல்லாம் காத்தாப் பறந்துருது" என்றான் நஞ்சப்பன்.

அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி, சோறு வைத்து, கொள்ளு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது மறுபடி நெற்றிப்பொட்டில் அடிக்க ஆரம்பித்தது. அன்றுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"ஏனுங், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இந்த ஊட்டுக்குள்ள வந்தாத்தானுங் எனக்குத் தலை இடிக்குது. வெளிய போனா நல்லாயிருது."

"ஊட்டுக்கு என்ன கேடு?"

"எனக்கென்னங் தெரியும்? தென்றலுக்கும் வலிக்குதாமா. ஸ்கூல்ல இருக்கறப்ப இல்லையாமா."

"தென்றல், இங்க வா. உனக்குத் தலை வலிக்குதா?"

"ஒன்லி அட் ஹோம், அப்பா" என்றது குழந்தை.

"நீ சொல்றதக் கேட்டு அதுவும் சொல்லுது." நஞ்சப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாங்கு மாங்குன்னு வேலை செஞ்சு, ஒவ்வொரு செவுத்தையும் என்ற கையால பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கறேன். உனக்கு இந்த ஊடே புடிக்கலைன்னு நேராச் சொல்லிரு."

"நான் அப்பிடிச் சொன்னனுங்களா?"

"வேற எப்பிடிச் சொன்ன?"

அவள் திரும்பிப் போய் மிச்சப் புளியைக் கரைத்தாள். புருஷன் முகம் சுண்டினால் பேச்சை நிறுத்திவிடுகிற வளர்ப்பு. அந்த வளர்ப்பின் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

டிசம்பரில் உறைபனி விழுந்த ஒரு காலையில் தென்றலைப் பஸ் ஏற்றிவிடத் தெருமுனைக்குப் போனாள் கலாவதி. வெளிக்காற்று பட்டதும் வழக்கம்போலத் தலை லேசாயிற்று. பஸ் போனபிறகு திரும்பி வீட்டை நோக்கி நடந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். வரிசையாக எல்லா வீட்டுக் கூரையிலும் வெள்ளை வெள்ளையாக ஆவி எழும்பி நின்றது. எதிர்வீட்டுக் கிழவர் கார்ல் வீட்டில், பக்கத்து வீட்டில், அடுத்த வீட்டில். அவள் வீட்டுக் கூரையில் மட்டும் ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே வீடு கதகதவென்று இருக்கிறதே!

அவள் விறகடுப்பில் சமைத்த வீட்டுப் பெண். அடுப்பு எரிந்தால் புகை எங்காவது போயாக வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் நஞ்சப்பன் ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"நம்மூட்டுப் பொகை எங்க போகுதுங்?"

"என்ன பொகை?"

"ஃபர்னஸ் பொகை. எல்லார் ஊட்டுக்கும் மேல வருது. நம்முளுக்கு மட்டும் இல்லீங்."

நஞ்சப்பன் சிரித்தான். "அது கேஸ்ல ஓடுது புள்ள. ஊர்ல உங்கம்மா கேஸ் அடுப்பு வெச்சிருக்கறாங்களே, அதுல பொகை வருதா? சட்டியில கரி புடிக்குதா? பொகையில்லைன்னுதான கேஸ் கனெக்ஷனுக்கு அலைஞ்சு வாங்கினாங்க."

அவள் அம்மா வீட்டு அடுப்பில் புகை வராது, உண்மைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"எதுக்கும் அந்த சிம்னி ஸ்வீப்பக் கூப்பிட்டுருவமே?"

"நெருப்பே வெக்காத சிம்னிக்கு ஸ்வீப் எதுக்குன்னு அவனே சிரிப்பான். உனக்கு வெசனமா இருந்தா சந்தானத்தக் கூப்பிடறேன்."

சந்தானம் வந்தான். சாமி படங்களை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மாடத்துக்குள் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். "சுத்தமா இருக்கு சிஸ்டர். புதுசா ஒரு பொட்டு கரி இல்ல. வேணும்னா சர்டிஃபிகேட் எழுதித் தரேன்" என்று ஜோக் அடித்தான். நஞ்சப்பன் பலமாகச் சிரித்தான். பேஸ்மென்ட்டுக்கு யாரும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால், ஃபர்னஸ் குழாய்க்கு மேலே சுவர் ஈரம் கோத்துப் பெயின்ட் உரிந்து தொங்குவதைப் பார்த்திருப்பார்கள்.

அதுவரை அவர்களை உயிரோடு வைத்திருந்தது நஞ்சப்பனின் வேலையில் இருந்த குறைதான். தார்ப்பாய் ஓரத்தில் சந்து இருந்தது. அதன் வழியாகப் ஃபர்னஸ் விட்ட விஷவாயுவில் பாதி வெளியே கசிந்தது, பாதி வீட்டுக்குள் திரும்பியது. ஜனவரியில் வந்த பனிப்புயல் அந்த இடுக்கையும் அடைத்துவிட்டது.

அப்படி ஒரு பனியை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. ரயில் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, வாசலில் நின்ற கார் வெறும் மேடாகிவிட்டது. குளிர் நுழையாமல் இருக்க நஞ்சப்பன் ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி முடித்திருந்தான். ஃபர்னஸ் ஓயாமல் ஓடியது. இரண்டாம் நாள் காலையில் ரவை உப்புமாவை யாரும் தொடவில்லை. தென்றல் டி.வி. முன்னால் கம்பளத்தில் சுருண்டு படுத்துவிட்டாள். நஞ்சப்பன் சோபாவில் சாய்ந்து, "எனக்கும் ஃப்ளூ புடிச்சிருச்சாட்ட இருக்குது. மண்டை பொளக்குது" என்றான்.

புருஷனுக்குத் தலை வலித்ததும் கலாவதிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவருக்கும் மசக்கையா?

அவள் அமெரிக்கர்களுக்கு ஃபோன் செய்கிறவள் அல்ல. ஈரோட்டில் பி.எஸ்ஸி. படித்தவள்தான், ஆனால் ஃபோனில் அவர்கள் பேசுகிற வேகத்துக்குப் பயந்து எதையும் நஞ்சப்பனிடமே விட்டுவிடுவாள். அன்று எல்லோ பேஜஸ் டெலிஃபோன் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு, எழுத்துகள் கண்ணுக்குள் மிதக்க, சிம்னி ஸ்வீப் என்ற பக்கத்தைத் தேடி எடுத்தாள். முதல் நம்பரில் மெஷின் பேசியது. அடுத்ததில் சர்டிஃபைடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு பெண் எடுத்தாள். குரல் கரகரவென்று, பனிக்கு நடுவே எதற்குக் கூப்பிடுகிறாய் என்கிற மாதிரி இருந்தது.

கலாவதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஃபயர்பிளேஸ் உபயோகிப்பதில்லை. புகைபோக்கியை மேலே மூடியிருக்கிறோம். ஃபர்னஸ் ஓடுகிறது. கூரையில் ஆவி வருவதில்லை.

மறுமுனையில் அந்தக் குரல் மாறிவிட்டது. வீட்டில் யாருக்காவது தலைவலி உண்டா என்று கேட்டது.

"எல்லாருக்கும்" என்றாள்.

வெளியே போனால் சரியாகிறதா?

இத்தனை மாதமாக இந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்கமாட்டார்களா என்றுதானே காத்திருந்தாள்! "யெஸ்" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. கர்ப்பம் என்பதையும் சொன்னாள்.

வீட்டுக்குள் விஷவாயு இருக்கிறது, அட்ரஸைச் சொல், அவசர உதவிக்கு 911-ஐ நான் கூப்பிடுகிறேன், நீ ஃபோனை வைத்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போ, கோட்டு தேடாதே, இப்போதே போ என்றது அந்தக் குரல்.

கலாவதி எழுந்தாள். வாசல் கதவைத் திறந்தாள். காற்று பனியை வாரி உள்ளே அடித்தது. தென்றலை உலுக்கினாள். குழந்தையின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"கண்ணு, எந்திரி! எந்திரி சாமி!"

"ஃபைவ் மினிட்ஸ், அம்மா..." நாக்கு குழறியது.

போர்வையோடு தூக்கித் தோளில் போட்டாள். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. "ஏனுங், எந்திரிங்! வெளிய வாங்! ஊட்டுக்குள்ள விஷவாயு இருக்குதுங்!"

நஞ்சப்பன் தள்ளாடிக்கொண்டு எழுந்தான். வந்துவிட்டான் என்று நினைத்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய், "பைத்தியமா உனக்கு? குளுரு உள்ள வருது" என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டான். திரும்பிவந்து மறுபடி சோபாவில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் மறுபடி தாழை நீக்கினாள். "ஏனுங்... ஏனுங்..." அசைவில்லை. தோளில் குழந்தை நழுவியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இவனை இழுத்துக்கொண்டு போக அவளால் முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அப்போதுதான் அவள் வாயிலிருந்து அது வந்தது.

"நஞ்சப்பா! டேய் நஞ்சப்பா! எந்திரிடா!"

கொங்கு நாட்டில் கட்டியவன் பெயரைச் சொல்கிற பெண் கிடையாது. கோயில் அர்ச்சனைக்குக்கூட இவள் தென்றல் அப்பா என்பாள், ஐயர் நஞ்சப்பனையே திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரலில் அவனை அப்படி அதட்டி எழுப்பியவர் செத்துப்போன அவன் அப்பா ஒருவர்தான். நஞ்சப்பன் அடிபட்டவன் மாதிரி எழுந்து நின்றான். எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. அவள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த பக்கமெல்லாம் வந்தான். வாசற்படியில் கால் இடறி குழந்தையோடு இருவரும் பனிக்குள் முழங்கால் புதைய விழுந்தார்கள். எதிர்வீட்டுக் கார்ல் கிழவர் மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தார்.

தீயணைப்பு வண்டி பனியைத் தள்ளும் வண்டிக்குப் பின்னால்தான் வர முடிந்தது. முகமூடி போட்டவர்கள் ஒரு சின்னக் கருவியோடு உள்ளே போனார்கள். போன வேகத்தில் அது கத்த ஆரம்பித்தது, தெருவரை கேட்டது. முதலில் வெளியே வந்த தீயணைப்பு வீரன் முகமூடியைக் கழற்றிவிட்டு, "யார் இவர்களை வெளியே கொண்டுவந்தது?" என்று கேட்டான். கார்ல் கலாவதியைக் காட்டினார். கார்பன் மோனாக்சைடு, நிறமும் இல்லை, மணமும் இல்லை. மத்தியானம்வரை உள்ளே இருந்திருந்தால் யாரும் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றான்.

"மேல மூடினது நான்தான்" என்று நஞ்சப்பன் கேட்காமலே சொன்னான். ஆம்புலன்ஸில் ஏறும்போதும் சொன்னான், ஆஸ்பத்திரியில் நர்ஸிடமும் சொன்னான்.

தென்றல் ஆக்சிஜன் முகமூடியோடு அன்றைக்கே கண் விழித்து ஐஸ்கிரீம் கேட்டாள். வயிற்றுக்குள் இருந்த குழந்தை விஷயம் அப்படி இல்லை. இதயத் துடிப்பு இருக்கிறது என்றார் டாக்டர். கலாவதி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதோடு நிறுத்தவில்லை. தாயைவிடக் குழந்தையின் ரத்தத்தில்தான் இந்த வாயு அதிகம் ஏறும், மெல்லத்தான் இறங்கும், மூளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, இனி எந்த நாளும் அசைவு தெரியலாம், தெரிந்தால் அது நல்ல அடையாளம் என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நாகலக்ஷ்மி ஆன்ட்டியின் எடிசன் வீட்டில் இருந்தார்கள். ஆன்ட்டி, "மசக்கைன்னு சொல்லி உன்னைக் கொல்லப் பாத்தேனே" என்று சமையலறையில் நின்று அழுதாள். நஞ்சப்பன் வேளைக்கு வேளை வந்து, "அசஞ்சுதா புள்ள?" என்று கேட்பான். அவள் இல்லையென்று தலையாட்டுவாள். அவன் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்துவிடுவான்.

ஒரு தடவை மட்டும், "நான் சாமிக்காகத்தான செஞ்சேன்" என்றான்.

"சாமி கேட்டுச்சுங்களா?" என்றாள் அவள். "தெரிஞ்ச ஒருத்தரக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு நான்தானுங் கேட்டேன். சாமி தலைக்கு மேல வானம் தெரியுதுன்னு சொன்னதும் நான்தான். அது மட்டுந்தானுங் என்ற தப்பு. மத்ததெல்லாம் உங்குளுது."

தெருவில் பனி அள்ளிய பிறகு வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்கு ஸ்வீப் வந்தான். ஃபோனில் பேசியவளின் தம்பி, டெட் என்று பெயர். மகா பீற்றல்காரன். லேமினேட் செய்த சர்டிஃபிகேட்டை வாசலிலேயே நீட்டி, படித்துப் பார்த்தால்தான் ஏறுவேன் என்றான். கலாவதி அதை வாங்கி, பெயரையும் காலாவதித் தேதியையும் நிதானமாக வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவன் முதலில் பேஸ்மென்ட்டுக்குத்தான் இறங்கினான். சுவரைத் தட்டிப் பார்த்தான், குழாயைக் கழற்றிக் கண்ணாடி விட்டுப் பார்த்தான். பிறகுதான் கூரை. ஃபர்னஸ் புகை போகிற வழியில் உள்ளே பதித்த களிமண் ஓடுகள் விரிசல் விட்டிருக்கின்றன, உள்ளே ஸ்டீல் குழாய் இறக்காமல் ஃபர்னஸைத் தொடக்கூடாது, ஆண்டுக்கொரு தடவை என்னைக் கூப்பிட வேண்டும், கூரைமேல் இனி எவன் ஏறினாலும் எனக்குச் சொல்ல வேண்டும் என்று மேலே நின்று பிரசங்கம் செய்தான். நஞ்சப்பன் கீழே நின்று எல்லாவற்றுக்கும் யெஸ், யெஸ் என்றான். சந்தானம் அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

கலாவதி காரில் சாய்ந்துகொண்டு நின்றாள். டெட் கம்பியை வெட்டிப் பிளைவுட்டைப் பெயர்த்துப் பனியில் எறிந்தான். அது விழுந்த சத்தத்தில் அவள் திடுக்கிட்டாள். அந்தத் திடுக்கிடலுக்கு அடுத்த கணம், அடிவயிற்றில், உள்ளேயிருந்து ஒரு விரல் தொட்டதுபோல் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் தொட்டது. தென்றல் வயிற்றில் இருந்தபோது தெரிந்த அதே அசைவு. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நஞ்சப்பன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். மூக்கு நுனி சிவந்து, உதடு காய்ந்து, அந்தச் சில நாட்களில் பத்து வயது கூடினவனாக இருந்தான்.

"என்ன புள்ள? அசஞ்சுதா?"

அவள் அவனைப் பார்த்தாள். கடையென்றால் பறந்துவிடுகிற தலைவலி என்று கேலி செய்த வாய். இந்த வீடு பிடிக்கவில்லையென்று நேராகச் சொல் என்ற வாய். தலை வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாள்!

"இல்லீங்" என்றாள்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்லியும் விட்டாள். ஆனால் அந்த மத்தியானம் பூராவும் அவன் தவித்துப்போய் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததற்காக அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிற்றுக்குள் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளையைக் கோட்டுக்கு மேலே கையால் பொத்திக்கொண்டு அவள் பொய் சொன்னாள். அவன் முகம் விழுந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை மாதத்தில் அவள் சொன்ன ஒன்றை அவன் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.